இடுப்பின் ஆழத் தசையை விரலால் கண்டுபிடித்து வேலை வாங்குவது எப்படி

திருப்பூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிக்காரர்கள். ஓவர்லாக், பேட்லாக் ஓட்டுகிற டெய்லர்கள், நின்றபடியே செக்கிங் பார்க்கிற பெண்கள், கட்டிங் மாஸ்டர்கள், அயர்ன் மாஸ்டர்கள். "போன தடவை வலி சுத்தமா போயிருச்சுங் மேடம். மறுபடி ஏனுங்க வந்துச்சு?" இதுதான் அவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி.

வலி போனால் உள்ளே எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நாம் நம்புகிறோம். முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் கிடக்கும் தசைகளைப் பொறுத்தவரை அது உண்மையில்லை. வலி வந்த நாளில் சுருங்கி மெலிந்த தசை, வலி போன பிறகும் பலருக்கு மெலிந்தபடியே இருக்கிறது. அதைத் தொட்டு உணர முடியும், எழுப்பவும் முடியும். என் டேபிளில் படுப்பவர்களுக்கு நான் சொல்லித் தரும் அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். பிசியோதெரபி முதலாம் ஆண்டு மாணவர்களுக்கும் இது உதவும். படத்தில் பார்த்து மனப்பாடம் செய்த தசையை ஒருமுறை சொந்த உடம்பில் தொட்டுவிட்டால் பிறகு மறக்காது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. சிறுநீர் வருவது தெரியவில்லை, அடக்க முடியவில்லை, அல்லது முக்கினாலும் வரவில்லை. மலம் போகும் இடத்தைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப் போயிருக்கிறது. இரண்டு கால்களும் பலம் இழக்கின்றன. இவற்றில் ஒன்று இருந்தாலும் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதுகு வலியோடு சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவதும் சேர்ந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நம் ஊரில் அது அபூர்வமில்லை. கீழே விழுந்த பிறகு வந்த வலி, படுத்தாலும் விடாத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்தவர்களின் முதுகு வலி, இவையும் முதலில் மருத்துவரிடம் போக வேண்டியவை.

முதலில் எலும்பு

தசையைத் தேட எலும்பின் முகவரி வேண்டும். நின்றுகொண்டு இரண்டு கைகளையும் இடுப்பின் பக்கவாட்டில் வையுங்கள். சுட்டுவிரல்கள் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்காரட்டும். அதே உயரத்தில் பெருவிரல்களைப் பின்பக்கமாக நகர்த்தி நடுவில் சேருங்கள். அங்கே தட்டுப்படுவது அநேகமாக நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் முள், அல்லது அதற்கும் ஐந்தாவதற்கும் நடுவிலுள்ள பள்ளம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் எல்4-எல்5 என்று எழுதியிருப்பார்களே, அந்த இடம்தான்.

இன்னும் கீழே வாருங்கள். இடுப்புக்கு அடியில், நடுக்கோட்டின் இருபுறமும் தோலில் சின்னக் குழி இருக்கும். சிலருக்குக் கண்ணுக்கே தெரியும், சிலருக்கு அழுத்தினால்தான் உள்ளே எலும்பு முனை தட்டுப்படும். அந்த எலும்பு முனைக்கும் நடுக்கோட்டுக்கும் இடைப்பட்ட சின்னப் பரப்பை நன்றாக நினைவில் வையுங்கள். நாம் தேடும் மல்டிஃபிடஸ் என்ற ஆழத் தசை மிகப் பருமனாக இருப்பது அதன் அடியிலும், அதிலிருந்து எல்4 வரைக்கும்தான்.

எந்தத் தசை எங்கே

முதுகின் மேல் அடுக்கில் இருக்கும் பெரிய தசைகள், கழுத்திலிருந்து தோளுக்கு விரியும் ட்ரெபீசியஸும் அக்குளின் பின்சுவராகத் தெரியும் லாடிஸிமஸ் டார்ஸியும், முதுகில் குடியிருந்தாலும் கைக்கும் தோளுக்கும் வேலை செய்பவை. அவற்றுக்கு அடியில் மூச்சோடு தொடர்புடைய மெல்லிய தகடுகள் இரண்டு உண்டு. அவற்றைக் கடந்து போய்விடலாம். அதற்கும் கீழேதான் முதுகின் சொந்தத் தசைகள் ஆரம்பிக்கின்றன. மாணவர்கள் இவற்றைப் பிரித்தறிய நல்ல வழி நரம்பு: தண்டுவட நரம்பு ஒவ்வொன்றும் வெளியே வந்ததும் முன்கிளை, பின்கிளை என்று பிரிகிறது. பின்கிளையிலிருந்து நரம்பு வாங்கும் தசைதான் முதுகின் சொந்தத் தசை. கை கால்களுக்குப் போவதெல்லாம் முன்கிளை.

சொந்தத் தசைகளில் வெளியே தெரிவது எரெக்டர் ஸ்பைனே. முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் கயிறு போலப் புடைத்து நிற்பது அதுதான். வெளியிலிருந்து உள்ளே மூன்று பத்தைகள்: விலா எலும்புகளில் ஒட்டும் இலியோகாஸ்டாலிஸ், நடுவில் மிக நீளமான லாஞ்சிஸ்ஸிமஸ், நடுக்கோட்டை ஒட்டிய ஸ்பைனாலிஸ். குனிந்தவர் நிமிர்வதற்கு இவை வேண்டும். குனியும்போதும் வேலை செய்பவை இவையே. உடம்பு தொப்பென்று முன்னால் விழாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கின்றன.

அதற்கும் கீழே, முள்ளெலும்பின் நடு முள்ளுக்கும் பக்க நீட்டத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பிக்கொண்டு மூன்று தசைகள் படுத்திருக்கின்றன. மூன்றும் கீழே பக்கவாட்டில் தொடங்கி, மேலே சாய்வாக ஏறி, நடு முள்ளில் முடிகின்றன. எத்தனை எலும்பைத் தாண்டுகின்றன என்பதுதான் வித்தியாசம். செமிஸ்பைனாலிஸ் நான்கு முதல் ஆறு எலும்புகளைத் தாண்டும். அது மார்பிலும் கழுத்திலும் மட்டுமே உண்டு, இடுப்பில் கிடையாது. மல்டிஃபிடஸ் இரண்டு முதல் நான்கு. ரொட்டேட்டோர்ஸ் ஒன்று அல்லது இரண்டு. ஒரு பக்கத் தசை மட்டும் இழுத்தால் உடம்பு எதிர்ப் பக்கம் திரும்பும்.

டெய்லர்களுக்கு நான் இதை அவர்கள் பாஷையில் சொல்வேன். நீளமாக ஒரு ஓட்டுத் தையல் போட்டு நூலின் இரண்டு முனையையும் இழுத்தால் துணி நடுவில் சுருங்கி மடியும். நெருக்கமாகப் போட்ட சிறு தையல் ஒவ்வொரு அங்குலத்தையும் அதனதன் இடத்தில் பிடித்துக்கொள்ளும். எரெக்டர் ஸ்பைனே நீளத் தையல், மல்டிஃபிடஸ் சிறு தையல். எடை தூக்கும் பலம் நீளத் தசையில் எவ்வளவு இருந்தாலும், எல்4க்கும் எல்5க்கும் நடுவிலுள்ள அந்த ஒரு மூட்டை நகராமல் பிடிக்கக் குட்டைத் தசை வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில், பக்கத்துப் பக்கத்து எலும்புகளை மட்டும் இணைக்கும் துண்டுத் தசைகள் இருக்கின்றன. இழுத்து அசைக்கும் பலம் அவற்றுக்கு இல்லை. ஆனால் தசையின் நீளத்தை அளந்து மூளைக்குச் சொல்லும் உணர்கருவிகள் அவற்றில் அடர்த்தியாக நிறைந்திருக்கின்றன. எந்த எலும்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற செய்தி அங்கிருந்து போகிறது. கண்ணை மூடிக்கொண்டு நிமிர்ந்து நிற்க நம்மால் முடிவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

விரலால் கேளுங்கள்

நேராக நில்லுங்கள். இரண்டு பெருவிரல்களையும் எல்4 உயரத்தில், நடு முள்ளிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி இருபுறமும் வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். கணுக்காலிலிருந்து முழு உடம்பையும் கொஞ்சமே கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பாருங்கள். இடுப்பில் மடியக் கூடாது. விரலுக்கு அடியில் தசை இறுகும். அப்படியே மெல்லப் பின்னால் சாயுங்கள், இளகிவிடும். இறுகுவதற்கும் இளகுவதற்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. அதில் நிற்கும்போது முதுகுக்குச் செலவு குறைவு. நாள் முழுவதும் நின்று செக்கிங் பார்க்கும் பெண்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான். பலர் மேஜைப் பக்கம் சாய்ந்தே நிற்பதால் அந்தத் தசை காலையிலிருந்து ஒரு நொடியும் விடாமல் இறுகிக் கிடக்கிறது.

அடுத்தது, விரலை எடுக்காமல் நின்ற இடத்திலேயே மெதுவாக நடை போடுங்கள். இடது, வலது என்று தசை மாறி மாறித் துடிப்பது தெரியும். ஒரு பக்கம் துடிப்பு பளிச்சென்றும் மறுபக்கம் மந்தமாகவும் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சோதனைக்கு வீட்டில் ஒருவர் உதவ வேண்டும். குப்புறப் படுத்து, வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். வலது கையை பக்கவாட்டில் தலைக்கு மேல்நோக்கிச் சாய்த்து முழங்கையை மடக்குங்கள். உதவுகிறவர் இடுப்பில் இடது பக்கம், நடு முள்ளை ஒட்டி விரல் வைக்கட்டும். நீங்கள் வலது கையைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் தூக்குங்கள். இடது மல்டிஃபிடஸ் விரலைத் தள்ளிக்கொண்டு எழும்பும். கை மாற்றி, பக்கம் மாற்றிப் பாருங்கள். பழைய வலி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எழுச்சி குறைவாக இருப்பதை என் டேபிளில் அடிக்கடி பார்க்கிறேன். உதவுகிறவரே ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார், அவருக்குப் படிப்பு தேவையில்லை.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதை ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜூலி ஹைட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். முதுகு வலி வந்து சில நாட்களே ஆனவர்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, வலி இருந்த பக்கத்தில், அநேகமாக ஒரே ஒரு முள்ளெலும்பு உயரத்தில், மல்டிஃபிடஸ் மெலிந்திருந்தது. 1994இல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. முதன்முறை வலி வந்த 39 பேரை இரண்டாகப் பிரித்து அவர்கள் செய்த அடுத்த ஆய்வில், பெரும்பாலோருக்கு நான்கு வாரத்தில் வலி போய்விட்டது. ஆனால் தனிப் பயிற்சி செய்யாதவர்களின் தசை பத்தாவது வாரத்திலும் திரும்பவில்லை. ஓராண்டுக்குள் வலி திரும்ப வந்தவர்கள், பயிற்சி செய்த குழுவில் 30 சதவீதம், செய்யாத குழுவில் 84 சதவீதம்.

39 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. வருடக்கணக்கில் வலி உள்ளவர்களை வைத்துப் பின்னால் நடந்த ஆய்வுகளில், இந்த வகைப் பயிற்சிக்கும் மற்ற நல்ல உடற்பயிற்சிகளுக்கும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. அதனால் இதை மட்டும் செய்தால் போதும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. படுத்துக்கொண்டு தசையை எழுப்புவது முதல் வாசல். எழுந்து நடந்து, எடை தூக்கும் வரைக்கும் போயாக வேண்டும்.

எழுப்பும் முறை

ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். மேல்பக்கக் கையைப் பின்னால் கொண்டுபோய், இடுப்புக் குழிக்குச் சற்று மேலே, நடு முள்ளை ஒட்டி விரல்களை ஆழ அழுத்துங்கள். மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விட்டபின், சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போல அடியை மெல்ல மேலே இழுங்கள். கூடவே விரலுக்கு அடியில் உள்ள சதையை உப்ப வைக்கப் பாருங்கள். இடுப்பு அசையக் கூடாது, முதுகு வளையக் கூடாது, பிட்டம் இறுகக் கூடாது. உண்மையில் நடந்தால் விரலின் கீழ் மெதுவாக, ஆழத்திலிருந்து ஓர் இறுக்கம் வரும். வெடுக்கென்று மேலே துள்ளினால் அது எரெக்டர் ஸ்பைனே. முயற்சியைப் பாதியாகக் குறையுங்கள். மூச்சு சாதாரணமாகப் போய்வர, பத்து நொடி பிடித்து விடுங்கள். பத்து முறை.

முதல் நாள் பலருக்கு எதுவும் தெரியாது. பயப்பட வேண்டாம், வலி இல்லாத பக்கத்தில் முதலில் செய்து பாருங்கள். அங்கே கிடைக்கும் உணர்வு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு மறுபக்கத்தில் தேடுங்கள். வலு கொடுத்துச் செய்கிறவர்களுக்கு இது வராது. பாரம் தூக்கிப் பழகிய ஆண்களுக்கு இதைச் சொல்லித் தர எனக்கு அதிக நேரம் ஆகிறது. அவர்கள் உடம்பு எதற்கும் பெரிய தசையைத்தான் முதலில் கூப்பிடுகிறது.

பத்து நொடி பத்து முறை சுலபமாக வந்ததும் நான்கு கால் நிலைக்கு வாருங்கள். உள்ளங்கை தோளுக்கு நேர் கீழே, முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே. இடுப்பின் மேல் குறுக்கே ஓர் அடி ஸ்கேலை வையுங்கள்; டெய்லர் வீட்டில் அதற்குப் பஞ்சமிருக்காது. ஒரு காலை மட்டும் தரையோடு தேய்த்தபடி பின்னால் நீட்டுங்கள். ஸ்கேல் சாயாமல் இருந்தால் காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, பத்து நொடிக்கு மேற்படாமல் நிறுத்துங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்த பிறகு எதிர்ப் பக்கக் கையையும் சேர்த்து நீட்டலாம். ஒவ்வொரு பக்கமும் ஆறு முறை, கொஞ்சம் ஓய்வு, பிறகு நான்கு, பிறகு இரண்டு. ஸ்கேல் விழும் அளவுக்குக் களைத்துவிட்டால் அன்றைக்கு அதுதான் எல்லை. காலுக்குள் வலி இறங்கினால் உடனே நிறுத்திவிட்டு, அருகிலுள்ள பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

காலையில் எழுந்த கையோடு இவற்றைச் செய்ய வேண்டாம். இரவு படுத்திருக்கும்போது, முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் நீர் குடித்து உப்பியிருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்க்குக்கு அழுத்தம் கூடுதல். வாசல் பெருக்கிக் கோலம் போடுவதும் குடம் தூக்குவதும் நம் பெண்களுக்குக் காலையில் முதல் வேலையாக வந்து நிற்கின்றன. வலி உள்ள வாரங்களிலாவது முதல் ஒரு மணி நேரம் அதை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். கணவரோ மகனோ கூட வந்திருந்தால் நான் இதை அவர்களைப் பார்த்தே சொல்கிறேன்.

நடை வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடந்து, 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், நடைப்பயிற்சியும் ஆலோசனையும் பெற்றவர்களுக்கு வலி திரும்ப வர எடுத்த காலத்தின் இடைநிலை 208 நாட்கள், பெறாதவர்களுக்கு 112. அவர்கள் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போன இலக்கு வாரத்தில் ஐந்து நாள், தலா அரை மணி நேரம். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வேனை இரண்டு ஸ்டாப் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்குகிறவர்கள் என்னிடம் வருகிறவர்களில் இருக்கிறார்கள். அது போதும், பூங்காவும் ஷூவும் தேவையில்லை.

மெஷினில் உட்காரும்போது

முழுவதும் குனிந்த நிலையில் முதுகுத் தசை இறுகியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். 1950களில் லண்டனில் ஃபிளாய்ட், சில்வர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தசையின் மின்துடிப்பை அளக்க முதுகில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தபோது, குனிவின் கடைசிக் கட்டத்தில் எரெக்டர் ஸ்பைனே மௌனமாகிவிட்டது. பாரத்தை அப்போது தாங்குவது எலும்புகளுக்கு இடையிலுள்ள நார்களும் டிஸ்க்கும். கூனி உட்கார்ந்திருக்கும்போதும் இதேதான். ஒரு பண்டில், அதாவது தைக்க வேண்டிய துணிக்கட்டு, முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தால் நார்கள் மெல்ல நீண்டு தளர்ந்துவிடும். எழுந்த உடனே பழைய இறுக்கத்துக்கு வருவதில்லை. அந்தத் தளர்ந்த முதுகோடு அடுத்த பண்டிலைத் தரையிலிருந்து குனிந்து இழுப்பதுதான் பல பேருக்குப் "பிடிப்பு" விழும் நேரம். பண்டில் முடிந்ததும் எழுந்து நில்லுங்கள், கையை இடுப்பில் வைத்துச் சற்றுப் பின்னால் சாயுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு வந்து பிறகு தூக்குங்கள். பீஸ் ரேட்டில் ஓடுகிறவர்களுக்கு அந்த நிமிடம் காசு என்று எனக்குத் தெரியும். சூப்பர்வைசர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் கேட்கிறேன்: பண்டிலைத் தரையில் போடாமல் முழங்கால் உயர ஸ்டூலில் போடச் சொல்லுங்கள்.

ஊசிமுனையைப் பார்த்துக் கழுத்து முன்னால் போகிறவர்களுக்கு இன்னொரு இடம் இருக்கிறது. மண்டையோட்டின் பின்விளிம்புக்குக் கீழே, நடுவிலிருந்து இருபுறமும் பெருவிரலை வைத்து அழுத்துங்கள். தலையை அசைக்காமல் கண்ணை மூடி, விழியை மட்டும் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் ஓட்டுங்கள். விரலுக்கு அடியில் மிக மெல்லிய துடிப்பு தெரியும். பக்கத்துக்கு நான்காக இருக்கும் இந்தச் சிறு தசைகள் தலையை முதல் இரண்டு கழுத்தெலும்புகளோடு கட்டுகின்றன. கண் போகும் திசைக்குத் தலையைத் தயார் செய்கின்றன. அருகில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஓடுவதால் இங்கே யாரையும் வெடுக்கென்று திருகிச் சொடுக்கு எடுக்க விடாதீர்கள். மோவாயை லேசாக உள்ளே இழுத்து ஐந்து நொடி பிடித்து விடுவது, அரை மணிக்கு ஒருமுறை, போதும்.

கடைசியாக பெல்ட். அறுவை சிகிச்சைக்கோ எலும்பு முறிவுக்கோ மருத்துவர் போடச் சொன்ன பெல்ட்டை அவர் சொல்லும்வரை கழற்றக் கூடாது. மெடிக்கலில் தானாக வாங்கி மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பவர்கள், பயிற்சி நேரத்தில் முதலில் கழற்றுங்கள். அடுத்த வாரம் வீட்டில் இருக்கும் நேரம் முழுக்க. அதற்கடுத்த வாரம் ஷிஃப்டின் முதல் பாதியில். ஒவ்வொரு கட்டத்திலும் நின்ற இடத்தில் நடை போட்டுப் பெருவிரலால் இரண்டு பக்கத் துடிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவில் வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். மந்தமான பக்கம் இன்னும் மந்தமாகவே இருந்தால் அந்த வாரத்தையே இன்னொரு முறை ஓட்டுங்கள்.